கலைந்து கிடக்கும் எழுத்துகளில் ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

'திங்', 'நைட்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டிலும் இருப்பவை அதே ஐந்து எழுத்துகள்தான். ஒன்றுகூட மிச்சமில்லை, ஒன்றுகூட அதிகமில்லை. காதில் கேட்டால் இவை இரண்டுக்கும் எந்த ஒட்டுறவும் தெரியாது. ஒன்றில் ஜி மூக்கொலியாக வருகிறது, மற்றொன்றில் ஜி வாயே திறப்பதில்லை.

கலைந்த எழுத்துகளிலிருந்து சொல் தேடும் விளையாட்டில் நம்மவர்கள் திணறுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். 'எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது, சொல்வளம் போதாது' என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். திங், நைட் இரண்டும் ஆரம்பப் பள்ளிக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சொற்கள். தெரிந்த சொல்தான் கண்ணில் படமாட்டேன் என்கிறது. தமிழில் எழுத்தைப் பார்த்ததும் ஒலி மனதில் எழுந்துவிடும், அந்த ஒலி பெரும்பாலும் நம்மை ஏமாற்றாது. அதே பழக்கத்தோடு ஆங்கில எழுத்துகளை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தால், முதலில் எழும் ஒலியிலேயே மனம் மாட்டிக்கொள்ளும். எனவே இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போவது ஒரே விஷயம்: ஒலியை ஒதுக்கிவிட்டு, எழுத்துகள் எப்படிக் கூட்டு சேர்கின்றன என்று கண்ணால் பாருங்கள்.

படிக்கும் முன் ஒரு சின்ன ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளைத் தமிழில் எழுதும்போது குழப்பம் வரக்கூடாது அல்லவா? டீச்சர் என்பதன் முதல் எழுத்தை 'டீ' என்றும், டாக்டர் என்பதன் முதல் எழுத்தை 'டி' என்றும் எழுதுகிறேன். 'பி' என்று வந்தால் அது பேப்பரின் முதல் எழுத்து. பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, சொற்களை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே படித்தால் நல்லது.

முதலில், கேள்வி என்ன என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

'இந்த எழுத்துகள் உள்ள சொல்' என்றால் ஐந்து வெவ்வேறு பொருள்கள் இருக்கலாம். எது என்று தெரியாமல் தேடினால் நேரம்தான் வீண்.

நாளிதழ்களில் வரும் 'ஜம்பிள்' வகைப் புதிரில் கொடுத்த எழுத்துகள் அத்தனையையும், ஒவ்வொன்றையும் ஒரே முறை பயன்படுத்த வேண்டும். லிசன் என்பதைக் கலைத்தால் சைலன்ட், என்லிஸ்ட், டின்செல், இன்லெட்ஸ் எல்லாம் கிடைப்பது இந்த வகை.

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் கட்டும் ஸ்கிராபிளில் அப்படியில்லை. கையில் உள்ள ஏழு கட்டைகளில் சிலவற்றை மட்டும் வைத்துச் சொல் கட்டினாலும் போதும். பிரிட்டனில் 1982 முதல் ஒளிபரப்பாகும் 'கவுண்ட்டவுன்' நிகழ்ச்சியும் இந்த வகைதான்: ஒன்பது எழுத்துகள், 30 விநாடிகள், முடிந்தவரை நீளமான சொல். ஒன்பதையும் பயன்படுத்திவிட்டால் 9 புள்ளிக்குப் பதில் 18.

நியூயார்க் டைம்ஸின் 'ஸ்பெல்லிங் பீ' விளையாட்டில் ஏழு எழுத்துகள் கொடுப்பார்கள். நடுவில் உள்ள எழுத்து கட்டாயம் வரவேண்டும், சொல்லுக்குக் குறைந்தது நான்கு எழுத்து வேண்டும். ஆனால் ஒரே எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். புதியவர்கள் தவறவிடுவது இந்தச் சலுகையைத்தான். ஸ்கிராபிள் பழக்கத்தில் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு முறைக்கு மேல் தொட மாட்டார்கள். இரட்டை எழுத்துச் சொற்கள் எல்லாம் கைநழுவிப் போகும்.

நான்காவது வகையில், கொடுத்த எழுத்துகள் எல்லாம் சொல்லுக்குள் எங்காவது இருக்க வேண்டும், வேறு எழுத்துகளும் கூட வரலாம். 'ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்தும் உள்ள சொல் சொல்லு' என்று கேட்பார்களே, அது. எஜுகேஷன் என்ற சொல்லில் ஐந்தும் உண்டு, ஈக்வேஷன் என்பதிலும் உண்டு. சிக்வோயா என்ற மரத்தின் பெயரில் ஏழு எழுத்துக்குள்ளேயே ஐந்தும் அடங்கிவிடுகின்றன. ஃபசீஷியஸ் என்ற சொல்லில் ஏ, இ, ஐ, ஓ, யூ என்று வரிசை மாறாமலே வரும்.

ஐந்தாவது, சில எழுத்துகளின் இடமும் தெரிந்திருப்பது. குறுக்கெழுத்து, ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் 'வேர்டில்' விளையாட்டு இரண்டும் இதில் சேரும்.

ஒலியை எப்படி அணைப்பது?

கொடுத்த எழுத்துகளைக் கொடுத்த வரிசையிலேயே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அந்த வரிசையே ஒரு போலிச் சொல்போல மனதில் ஒலிக்க ஆரம்பித்துவிடும். வட்டமாக எழுதுங்கள். வட்டத்துக்கு முதலும் கிடையாது, முடிவும் கிடையாது. ஆகவே வாய் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றுவிடும், கண் வேலை செய்யத் தொடங்கும்.

அடுத்து, உயிரெழுத்துகளை ஒரு பக்கமும் மற்றவற்றை இன்னொரு பக்கமும் பிரித்து எழுதுங்கள். ஏழு எழுத்தில் உயிர் இரண்டோ மூன்றோ இருந்தால் நிம்மதி. ஒன்றுமே இல்லையென்றால் ஒய் இருக்கிறதா என்று பாருங்கள். ரிதம், மித், ஹிம் என்ற துதிப்பாடல், லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனை எல்லாம் ஒய்யை மட்டும் நம்பி நிற்கும் சொற்கள். உயிர் அதிகமாக இருந்தால் அவற்றை ஜோடி சேருங்கள்: இ-ஏ, ஓ-யூ, ஏ-ஐ, ஐ-இ, ஓ-ஓ, இ-இ.

பிறகு மெய்யெழுத்து ஜோடிகள். டீ-எச், சி-எச், எஸ்-எச், எஸ்-டீ, டீ-ஆர், சி-கே, என்-ஜி, கியூ-யூ. எச் கையில் இருந்தால் அது தனியாக நிற்பதைவிட டீயோடோ சியோடோ எஸ்ஸோடோ ஒட்டி நிற்கவே வாய்ப்பு அதிகம். சி-கே ஜோடியும் என்-ஜி ஜோடியும் சொல்லின் தொடக்கத்தில் வருவதில்லை. அவற்றைப் பின்னால் தள்ளிவைத்தாலே பாதித் தேடல் குறைந்துவிடும்.

இத்தோடு, ஒலிக்காத எழுத்துகளின் ஜோடிகளைத் தனியாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நம் காது இவற்றைக் கொண்டுவந்து தரவே தராது. கேயும் என்னும் சேர்ந்து கையில் வந்தால் சொல்லின் தொடக்கத்தில் அப்படியே வைத்துப் பாருங்கள்: நைஃப், நோ, நாட் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. டபிள்யூவும் ஆரும் இருந்தால் ரைட், ராங், ரிஸ்ட். ஜியும் என்னும் இருந்தால் கடைசியில் வைத்துப் பாருங்கள், சைன், ரெயின் என்ற ஆட்சிக்காலம் கிடைக்கும். ஐ, ஜி, எச், டீ நான்கும் ஒரே நேரத்தில் இருந்தால் வேறு எதையும் யோசிக்கும் முன் அவற்றை அதே வரிசையில் சொல்லின் கடைசியில் வையுங்கள். நைட் மட்டுமல்ல, லைட், ஃபைட், சைட், ரைட், டைட் என்று ஒரு பெரிய குடும்பமே அங்கே காத்திருக்கிறது.

எட்டு எழுத்து, ஒரு முழுத் தேடல்

இப்போது ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். எழுத்துகள்: ஏ, இ, ஜி, ஐ, எல், என், ஆர், டீ. எட்டையும் பயன்படுத்த வேண்டும்.

பார்த்ததும் கண்ணில் படுவது ஐ, என், ஜி மூன்றும். ஆங்கிலத்தில் நிகழ்காலத் தொடர்ச்சிக்கு வரும் 'இங்' விகுதி. அதைப் பின்னால் எடுத்து வைத்துவிட்டால் மிச்சம் ஐந்து எழுத்து: ஏ, இ, எல், ஆர், டீ. எட்டைக் கலைத்தால் 40,320 வரிசைகள் வரும், ஐந்தைக் கலைத்தால் 120தான். விகுதியைப் பிரிப்பதில் இருக்கும் லாபம் அதுதான்.

அந்த ஐந்தில் முதலில் தெரிவது அநேகமாக லேட்டர். ஆனால் அது வினைச்சொல் இல்லை, 'இங்' ஒட்டாது. அடுத்து அலர்ட் தெரியும். அலர்ட்டிங், ஒன்று கிடைத்துவிட்டது. கடைசியில் உள்ள டீயை எல்லுக்கு அடுத்து நகர்த்திப் பார்த்தால் ஆல்ட்டர், அதாவது மாற்று. ஆல்ட்டரிங், இரண்டு.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, பலரும் கோட்டைவிடுவது. ரிலேட்டிங். ஏன் தெரிவதில்லை? ரிலேட் என்ற சொல்லின் கடைசியில் ஓர் இ உண்டு, 'இங்' சேரும்போது அது விழுந்துவிடும். ஆகவே 'இங்' பிரித்தபின் மிஞ்சும் ஆர், இ, எல், ஏ, டீ என்ற ஐந்தும் தனியாக நின்றால் ஒரு சொல்லாகவே தெரியாது. விகுதியைப் பிரிக்கும்போதெல்லாம், இல்லாத ஓர் இ-யைக் கற்பனையாகக் கடைசியில் போட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். மேக், டேக், ரைட், டிரைவ் என நாம் தினமும் சொல்லும் எத்தனையோ வினைச்சொற்கள் இப்படி இ-யைத் தொலைத்துவிட்டுத்தான் 'இங்'கோடு சேர்கின்றன.

சரி, மூன்று கிடைத்தாயிற்று. இங்கே நிறுத்தத் தோன்றும். நிறுத்தாதீர்கள். முதலில் கண்ணில் பட்ட கூட்டை உடைத்தால்தான் மற்றவை வெளியே வரும். ஐ, என், ஜி மூன்றையும் மறுபடி வட்டத்துக்குள் போட்டுவிட்டு வேறொரு முடிவை எடுங்கள். எல்-இ என்று முடியும் சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளம். டேபிள், சிங்கிள், ஆங்கிள். எல், இ இரண்டையும் கடைசியில் வைத்தால் முன்னால் மிஞ்சுவது ஏ, ஜி, ஐ, என், ஆர், டீ. ஆங்கிளுக்கு ஏ, என், ஜி போனால் மிச்சம் டீ, ஆர், ஐ. டிரையாங்கிள்! வடிவியல் வகுப்பில் ஆயிரம் முறை எழுதிய முக்கோணம்.

இன்னொரு முடிவு ஏ-எல். அதைக் கடைசியில் வைத்து, ஐ-என் இரண்டையும் முன்னால் வைத்தால் நடுவில் டீ, இ, ஜி, ஆர் மிஞ்சும். இன்டக்ரல். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் வரும் தொகையீடு.

முக்கோணமும் தொகையீடும் ஒரே எட்டு எழுத்துகள். இரண்டும் கணக்குப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகக் கிடப்பவை. பொறுமையாக முடிவுகளை மாற்றி மாற்றி வைத்தவருக்கே இரண்டும் கிடைக்கும்.

முடிவுகளை இந்த வரிசையில் முயன்று பாருங்கள் என்பது என் யோசனை: எஸ், இ-டி, இ-ஆர், ஐ-என்-ஜி, எல்-ஒய், இ-எஸ்-டீ, டீ-ஐ-ஓ-என், ஏ-எல், எல்-இ, ஐ-எஸ்-டீ, என்-இ-எஸ்-எஸ், எம்-இ-என்-டீ. அப்புறம் தொடக்கங்கள்: ஆர்-இ, யூ-என், ஐ-என், டி-ஐ-எஸ், ஓ-யூ-டீ. தொடக்கத்தைவிட முடிவில் தேடுவதே பலன் தரும். தொடக்கத்தைப் பார்த்தால் வாய் உடனே வாசிக்கத் தொடங்கிவிடும்.

சின்னதிலிருந்து பெரியது

எட்டும் ஏழும் கைகூடாதபோது மூன்று எழுத்திலிருந்து ஏறுங்கள். ஐஸ் என்ற மூன்றெழுத்துக்கு முன்னால் ஆர் சேர்த்தால் ரைஸ். அதற்கும் முன்னால் பி சேர்த்தால் ப்ரைஸ், விலை. கடைசியில் எஸ்ஸோ டியோ சேர்த்தால் ஆறு எழுத்து ஆகிவிட்டது. ஸ்கிராபிள் ஆடுபவர்கள் இதைக் 'ஹுக்' என்பார்கள், கொக்கி. முன்கொக்கி, பின்கொக்கி இரண்டும் உண்டு. பலகையில் ஏற்கெனவே கிடக்கும் சொல்லோடு ஓர் எழுத்தை மாட்டிவிட்டு, குறுக்கே உங்கள் சொல்லை இறக்க இதுதான் வழி.

இதையும் கண்ணால்தான் செய்ய வேண்டும். காது என்ற பொருள் தரும் இயர் என்ற மூன்றெழுத்துக்கு முன்னால் எச், பின்னால் டீ சேருங்கள். ஹார்ட். இயரும் ஹார்ட்டும் ஒலியில் சேரவே சேராது, எழுத்தில் ஒன்றுக்குள் ஒன்று இருக்கிறது. அதே ஐந்தை மாற்றி வைத்தால் எர்த், இன்னொரு முறை மாற்றினால் ஹேட்டர். மூன்று சொற்கள், நடுவிலுள்ள உயிர் மூன்றிலும் வேறு வேறு ஒலி.

எழுத்துகளின் எண்ணிக்கையைச் சரிபார்ப்பதையும் இங்கேயே பழகிக்கொள்ளுங்கள். சொல் கிடைத்த சந்தோஷத்தில், கையில் இல்லாத இரண்டாவது இ-யையும் சேர்த்துவிடுவது சகஜம். சொல்லின் ஒவ்வோர் எழுத்தையும் எழுதும்போது வட்டத்தில் அதே எழுத்தை அடித்துவிடுங்கள். அடிக்க எழுத்தில்லை என்றால் சொல்லும் இல்லை.

எந்த எழுத்துக்கு எவ்வளவு மதிப்பு?

ஸ்கிராபிளை உருவாக்கியவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போனபின், நாளிதழ்ப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணியே விளையாட்டை வகுத்தார். ஸ்கிராபிள் என்ற பெயர், அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஜேம்ஸ் புருனோ 1948இல் வைத்தது. பட்ஸ் எண்ணிய அந்தக் கணக்கு இன்றும் பயன்படுகிறது: ஆங்கிலப் பெட்டியில் 100 கட்டைகளில் இ 12, ஏ, ஐ தலா 9, ஓ 8, யூ 4. இரண்டு வெற்றுக் கட்டைகள். மெய்களில் என், ஆர், டீ தலா 6. ஆங்கிலச் சொற்களில் மிக அதிகமாக வரும் எழுத்துகள் எவை என்று ஒரு பார்வையில் சொல்லும் பட்டியல் இது. இந்த எழுத்துகள் கையில் இருந்தால் நீளமான சொல் இருக்கிறது என்று நம்பித் தேடலாம். ஏழு கட்டையையும் ஒரே முறையில் வைத்துவிட்டால் 50 புள்ளி கூடுதல் என்பதால், அந்தத் தேடல் வீண் போகாது.

எஸ் நான்கே நான்குதான். சொல்லின் கடைசியில் எஸ் போட்டுப் பன்மையாக்கிவிடும் சுலப வழியை அடைப்பதற்காகவே பட்ஸ் குறைத்து வைத்தார். ஆகவே எஸ் வந்தால் உடனே செலவழிக்காதீர்கள். எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மற்ற ஆறில் சொல் தேடுங்கள். ஆறெழுத்துச் சொல் அமைந்தால் எஸ் தானாகக் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கியூவும் இசட்டும் தலா 10 புள்ளி, பெட்டியில் ஒவ்வொன்றே உண்டு. கியூ வந்ததும் யூவைத் தேடி அலைவார்கள். யூ இல்லாமலும் வழி உண்டு: உயிராற்றல் என்ற பொருளில் சீனத்திலிருந்து வந்த கியூ-ஐ என்ற இரண்டெழுத்துச் சொல் போட்டிகளில் செல்லும். நம் ஊரில் பக்கீர் என்று சொல்கிறோமே, அதையும் கியூ போட்டு எழுதும் வடிவம் பட்டியலில் இருக்கிறது. வட அமெரிக்கப் பட்டியலில் இரண்டெழுத்துச் சொற்கள் 107, மற்ற நாடுகள் பெரும்பாலும் பின்பற்றும் காலின்ஸ் பட்டியலில் 127. ஸ்கிராபிளில் தீவிரமாக இறங்க நினைப்பவர் முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது இவற்றைத்தான். மற்ற விளையாட்டுகளுக்கு இவை தேவையில்லை.

தேடுகருவிகளை எப்படிக் கேட்பது?

ஆடிக்கொண்டிருக்கும்போது தேடுகருவியைத் திறப்பது எதிராளிக்குச் செய்யும் துரோகம். ஆடி முடித்தபின் திறந்து, எதையெல்லாம் தவறவிட்டோம் என்று பார்ப்பதைப்போல நல்ல பயிற்சியும் கிடையாது. குறுக்கெழுத்து அமைப்பவர்களுக்கும், வகுப்புக்குப் பயிற்சித்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும் இது அன்றாடத் தேவை.

ஒன்லுக் என்ற தளத்தில் இதற்கான குறிகள் எல்லாம் உண்டு. கேள்விக்குறி போட்டால் அந்த இடத்தில் ஏதோ ஓர் எழுத்து என்று பொருள். நட்சத்திரக்குறி போட்டால் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் வரலாம். எழுத்துகளுக்கு முன்னால் இரண்டு சாய்கோடு போட்டால் அவற்றைக் கலைத்து அடுக்கிக் காட்டும். கூட்டல்குறிக்குப் பின் எழுதியவை மட்டுமே சொல்லில் வரும், கழித்தல்குறிக்குப் பின் எழுதியவை வரவே வராது. வேர்டில் ஆடியவர்களுக்கு இந்தக் கழித்தலின் அருமை புரியும்.

நான்காம் வகைக் கேள்விக்கு மட்டும் கவனம் வேண்டும். கியூவும் இசட்டும் உள்ள சொல் வேண்டும் என்று, இரண்டையும் அடுத்தடுத்து எழுதி இருபுறமும் நட்சத்திரம் போட்டால், அவை ஒட்டி நிற்கும் சொற்களைத்தான் தேடும், கைக்கு எதுவும் சிக்காது. நட்சத்திரம், கியூ, நட்சத்திரம் என்று ஒரு வடிவம், நட்சத்திரம், இசட், நட்சத்திரம் என்று இன்னொரு வடிவம், நடுவில் காற்புள்ளி. இப்படிக் கேட்டால் ஸ்குவீஸ், குவிஸ் எல்லாம் வந்து விழும்.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கிப் பக்கத்தில் எழுதி வைத்துவிடுங்கள். லிசன், சைலன்ட் இரண்டுக்கும் அந்த அடுக்கு ஒன்றாகவே இருக்கும்: இ, ஐ, எல், என், எஸ், டீ. அடுக்கு ஒத்துப்போகும் சொற்கள் எல்லாம் ஒரே எழுத்துகளால் ஆனவை. கணினி 40,320 வரிசைகளையும் சுற்றிவர வேண்டியதில்லை. சில எழுத்துகளை மட்டும் பயன்படுத்தும் ஸ்கிராபிள் வகைக்கு இந்த அடுக்கு போதாது. ஒவ்வோர் எழுத்தும் சொல்லில் எத்தனை, கையில் எத்தனை என்று எண்ணி ஒப்பிட வேண்டும். சொற்பட்டியலுக்கு எங்கும் அலைய வேண்டாம். எனேபிள் என்ற பொதுவுடைமைப் பட்டியலில் 1,70,000க்கு மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன.

கருவி எதுவானாலும், அது எந்த அகராதியை வைத்திருக்கிறது என்று பாருங்கள். ஸ்கிராபிளில் செல்லும் சொல்லை ஸ்பெல்லிங் பீ ஏற்காமல் போகலாம். ஆள் பெயர், ஊர்ப் பெயர் அநேகமாக எங்கும் செல்லாது.

தினமும் கொஞ்சம் பழகுவதற்கு

நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் ஸ்கிராபிளில் பலமுறை உலகப் பட்டம் வென்றவர். 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியிலும் வென்றார். பிரெஞ்சு பேசத் தெரியாது, சொற்பட்டியலைச் சில வாரங்கள் படித்துவிட்டுப் போனார். 2024இல் ஸ்பானிஷ் மொழியிலும் அதையே செய்தார். ஆங்கிலத்திலேயே 2003ஆம் ஆண்டின் உலக சாம்பியன் தாய்லாந்துக்காரர், 2009இலும் இன்னொரு தாய்லாந்துக்காரர். எழுத்துகள் எப்படிச் சேரும் என்று கண் பழகிவிட்டால், பிறந்த மொழி எது என்பது பெரிய தடையில்லை. ஆங்கிலம் பேசத் தயங்கும் பிள்ளைகள்கூட இந்த விளையாட்டில் முன்னுக்கு வர முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பழக ஓர் அருமையான ஆறெழுத்து உண்டு: ரெட்டினா, விழித்திரை. ஆர், இ, டீ, ஐ, என், ஏ. இதோடு ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பாருங்கள். சி சேர்த்தால் சர்ட்டன். ஜி சேர்த்தால் கிரானைட், கிழிப்பது என்ற பொருளில் வரும் டேரிங். எம் சேர்த்தால் மினரெட், மசூதியின் தூபி. பி சேர்த்தால் பெயின்டர். டி சேர்த்தால் ட்ரெயின்ட். கே சேர்த்தால் கெரட்டின், நகத்திலும் முடியிலும் இருக்கும் புரதம். எல் சேர்த்தால் ரிலையன்ட். எஃப் சேர்த்தால் ஃபெயின்ட்டர். எஸ் சேர்த்தால் ரிட்டெயின்ஸ், நாஸ்டியர் என்று நீளும். இந்த ஆறு எழுத்தும் பெட்டியில் அதிகம் இருப்பவை. ஆகவே இவை கையில் சேர்வதும் அடிக்கடி நடக்கும்.

கீழே உள்ளவற்றை நீங்களே போட்டுப் பாருங்கள். எல்லாவற்றிலும் கொடுத்த எழுத்துகள் அனைத்தையும் பயன்படுத்த வேண்டும்.

ஏ, சி, இ, எச், டீ: இரண்டு சொற்கள், பள்ளிக்கூடத்தில் ஒன்று நல்லது, மற்றது தப்பு.
ஏ, சி, இ, என், ஓ: இரண்டு, இரண்டும் தண்ணீர் சம்பந்தப்பட்டவை.
டி, எஸ், டீ, யூ, ஒய்: இரண்டு.
சி, இ, இ, ஆர், எஸ், யூ: இரண்டு, முன்னொட்டு ஒன்றைத் தேடுங்கள்.
ஏ, இ, எம், ஆர், எஸ், டீ: இரண்டு, எஸ்-டீ ஜோடியை முன்னாலும் நடுவிலும் வைத்துப் பாருங்கள்.
ஏ, சி, ஐ, என், ஓ, டீ, யூ: இரண்டு, முடிவு ஒன்றே.
ஏ, இ, ஜி, எல், எல், ஆர், ஒய்: நான்கு, இரண்டுக்கு மட்டும் எல்-ஒய் விகுதி.

விடைகள், அதே வரிசையில்: டீச், சீட். ஓஷன், கனூ. ஸ்டடி, டஸ்டி. ரெஸ்க்யூ, செக்யூர். ஸ்ட்ரீம், மாஸ்டர். ஆக்‌ஷன் என்ற ஏலம், காஷன் என்ற எச்சரிக்கை. கேலரி, அலர்ஜி, லார்ஜ்லி, ரீகலி.